தீட்ட வேண்டாத கத்தியும் தீராத தீட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிராமத்தில் நடந்த சமாதானக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குள் இருக்கும் ஒரே சலூனில் சேரிப் பிள்ளைகளுக்கு முடி வெட்டவும் சவரம் செய்யவும் மறுக்கிறார்கள் என்று கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் மனு கொடுத்திருந்தார். பேச்சு ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அதான் கடைக்குக் கடை ரேசர் விக்குதே. வீட்டுலயே செரைச்சிக்கிட்டா என்ன கொறஞ்சா போயிடும்? இதுக்கு எதுக்கு ஊர ரெண்டாக்குறீங்க?"

சிலர் சிரித்தார்கள். அதிகாரியும் ஏதோ நல்ல யோசனையைக் கேட்டதுபோலத் தலையாட்டினார். அந்தத் தம்பி பதில் சொல்லவில்லை. அவர் தாடையில் இரண்டு மூன்று வெட்டுக்காயங்கள் இருந்தன. வீட்டில் தானே சவரம் செய்துகொண்ட காயங்கள்.

"ரேசர் விக்குதே" என்ற அந்த வாதத்துக்குப் பதில் வேண்டுமென்றால், அந்த ரேசர் எங்கிருந்து வந்தது, எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஒரே கத்தி, பல முகம்

பிளேடு வருவதற்கு முன் பரவலாகப் பயன்பட்ட சவரக்கத்தி, மடக்கி வைக்கும் நீளக் கத்தி. எஃகைக் காய்ச்சி அடித்துச் செய்தது. தினமும் தோல்வாரில் இழுத்துத் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் தொட்டால் கழுத்து போய்விடும். அதனால் சவரம் என்பது பெரும்பாலும் இன்னொருவர் செய்துவிட வேண்டிய வேலையாக இருந்தது. அந்த ஒரே கத்தி பல முகங்களைத் தொட்டது.

இதை மாற்றும் முயற்சிகள் பழையவை. 1760களில் ழான்-ழாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்திக் கைவினைஞர், தச்சர் இழைப்புளியைப் பார்த்து, கத்தியின் ஓரத்தில் மரக் காப்பு ஒன்றைப் பொருத்தினார். வெட்டு ஆழமாகப் போகாது. 1847இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன் கைப்பிடியைக் கத்திக்குக் குறுக்காக, மண்வெட்டிபோல் வைத்தார். இன்று நாம் பிடிக்கும் ரேசரின் உருவம் அங்கே தொடங்குகிறது. 1880இல் நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் 'ஸ்டார்' என்ற பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் அதிலும் கத்தி தடித்த எஃகுத் துண்டுதான். கழற்றலாம், தீட்டலாம், திரும்பப் பொருத்தலாம். தூக்கி எறிய முடியாது, ஏனென்றால் விலை அதிகம்.

பாட்டில் மூடியிலிருந்து பிளேடுக்கு

கிங் கேம்ப் ஜில்லெட் ஒரு விற்பனைப் பிரதிநிதி. சோடா பாட்டிலுக்குப் போடும் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் பொருளாக எதையாவது யோசி, வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்று பெயின்டர் அவரிடம் சொன்னாராம். 1895இல் ஒரு காலை, மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது அந்த யோசனை வந்ததாக ஜில்லெட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவரைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதற்கு ஓராண்டு முன்பு, 1894இல், அவர் ஒரு நூல் வெளியிட்டார். போட்டிதான் உலகத் தீமைகளுக்கெல்லாம் காரணம், எல்லா உற்பத்தியையும் மக்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரே நிறுவனம் நடத்த வேண்டும், நயாகரா அருவியின் மின்சாரத்தில் இயங்கும் ஒரே பெருநகரில் எல்லோரும் வாழ வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி எழுதியவர்தான் உலகின் மிகப் பெரிய சந்தைப் பொருள்களில் ஒன்றை உருவாக்கினார்.

யோசனை எளிது, செய்வது கடினம். காகிதம்போல் மெல்லிய எஃகுத் தகட்டைச் சூடேற்றிக் குளிர்வித்தால் நெளிந்துவிடும். நெளிந்ததைக் கூராக்க முடியாது. உலோக வல்லுநர்கள் நடக்காது என்றார்கள். 1901இல் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் சேர்ந்த பிறகுதான் அதற்கான முறையும் எந்திரங்களும் உருவாயின. அதே ஆண்டு பாஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கியது. விற்பனை தொடங்கிய 1903இல் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு சுமார் 90,000 ரேசர். 1904 நவம்பர் 15 அன்று காப்புரிமை கிடைத்தது.

இப்போது அந்த வடிவமைப்பைப் பாருங்கள். வீட்டில் பழைய ஷேவிங் செட் இருந்தால் கழற்றியே பார்க்கலாம். மூன்றே பாகம்: மேலே வளைந்த மூடி, கீழே சீப்புப் பல் வைத்த தட்டு, அதற்கும் கீழே திருகும் கைப்பிடி. இடையில் பிளேடு. பிளேடு தனியாகத் துவளும். திருகை முறுக்கும்போது மூடியின் வளைவுக்கு ஏற்ப அதுவும் வளைந்து விறைப்பாகிறது. ஓரம் மட்டும் ஒரு மயிரிழை வெளியே தெரியும். எந்தக் கோணத்தில் தோலைத் தொட வேண்டும் என்பதைக் கையல்ல, கருவி முடிவு செய்கிறது.

அதாவது கத்திக்கு இருந்த உறுதியைக் கைப்பிடிக்கு மாற்றினார்கள். முன்பு கத்தி நிரந்தரம். இப்போது கைப்பிடி நிரந்தரம், கூர் மட்டும் வந்து போகிறது. அந்நிறுவனத்தின் ஆரம்ப கால விளம்பரங்களின் சாரமும் அதுதான்: தீட்ட வேண்டாம், சாணை பிடிக்க வேண்டாம்.

கைப்பிடியை இலவசமாகக் கொடுத்து பிளேடில் சம்பாதித்தவர் ஜில்லெட் என்று வணிகப் பாடங்களில் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. காப்புரிமை இருந்தவரை ரேசர் 5 டாலர். அன்றைய தொழிலாளிக்கு அது பெரிய பணம். 1921இல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் வரும் நேரத்தில்தான் பழைய வகையை 1 டாலருக்கு இறக்கினார்கள். இடையில் முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்கப் படையினருக்காக 35 லட்சம் ரேசர்களும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளும் போயின. போர்க்களத்தில் தானே சவரம் செய்யப் பழகியவன் வீடு திரும்பிய பிறகும் அதை விடவில்லை.

ஹெர்ண்டனின் கடை

அதே காலத்தில் அதே நாட்டில் சலூன் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் எந்திரக் கதையாகிவிடும்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையருக்குச் சவரம் செய்தவர்களில் பலர் கறுப்பினத்தவர். அட்லான்டா நகரில் அலோன்சோ ஹெர்ண்டன் என்பவர் இருந்தார். 1858இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் கற்று, பீச்ட்ரீ தெருவில் சரவிளக்கு தொங்கும் ஆடம்பரமான கடையை நடத்தினார். வேலை செய்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். கடையின் முதலாளியே கறுப்பர்தான், ஆனால் ஒரு கறுப்பர் அங்கே வாடிக்கையாளராக உட்கார முடியாது. உட்கார வைத்தால் வெள்ளையர் யாரும் திரும்ப வர மாட்டார்கள், கடை மூடப்படும். 1906இல் அட்லான்டாவில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றபோது ஹெர்ண்டனின் கடையும் தப்பவில்லை.

கவனியுங்கள். ஒரு கறுப்பரின் கையிலிருக்கும் கத்தி வெள்ளையரின் தொண்டையைத் தொடலாம். அது தீட்டு இல்லை. அதே கத்தி கறுப்பரின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தால் தீட்டு. தொடுவது பிரச்சினை இல்லை, சமமாகத் தொடுவதுதான் பிரச்சினை. வேலைக்காரனாகத் தொடலாம், வாடிக்கையாளனாக உட்காரக் கூடாது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். முடிதிருத்தும் தொழில் செய்யும் மருத்துவர் சமூகத்து மக்களைப் பெரும்பாலான ஊர்களில் ஆதிக்கச் சாதியினர் தமக்குச் சமமாக நடத்தியதில்லை. அவர்கள் தொழிலின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். களத்து நெல்லுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். சேரிக்காரருக்குக் கத்தி வைத்தால் ஊர் அவர்களை ஒதுக்கும், வருமானம் நிற்கும். மறுப்பது சலூன்காரரின் வாய்தான், ஆனால் மறுக்க வைப்பது யார்? வழக்குப் பதிவு செய்யப் போகும் தோழர்கள் இந்தக் கேள்வியை மறக்கக் கூடாது. இதனால் மறுப்பவரின் பொறுப்பு நீங்கிவிடாது, ஆனால் பின்னால் நிற்பவர் தப்பிவிடவும் கூடாது.

காந்தியின் கிளிப்பர், அம்பேத்கரின் அக்கா

1890களில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளை முடிதிருத்துநர் காந்திக்கு முடி வெட்ட மறுத்தார். காந்தி முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி பார்த்துத் தானே வெட்டிக்கொண்டார். பின்னந்தலை கோணல்மாணலாகப் போய், நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரித்தார்கள். தன் வரலாற்றில் இதைச் சொல்லும் காந்தி ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்: அந்த முடிதிருத்துநர் மறுத்ததில் குறை சொல்ல முடியாது, நம் நாட்டில் நம் முடிதிருத்துநர்களைத் தீண்டப்படாதவர்களுக்கு வேலை செய்ய நாம் விடுவதில்லையே, அதன் பலனைத்தான் அனுபவித்தேன் என்கிறார்.

அந்த நூற்றாண்டு முடியும் காலத்தில் சாத்தாராவில் ஒரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். அந்த ஊரில் முடிதிருத்துநர்கள் இருந்தார்கள், வீட்டில் கூலி கொடுக்கும் வசதியும் இருந்தது. இருந்தும் யாரும் அந்தச் சிறுவனின் தலையில் கை வைக்க மாட்டார்கள். வீட்டுத் திண்ணையில் அக்காதான் முடி வெட்டிவிட்டார். அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

இரண்டு பேருக்கும் மறுப்பு நடந்தது. இரண்டு பேரும் வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டார்கள். ஆனால் அண்ணல் அங்கே நிற்கவில்லை. வீட்டில் வெட்டிக்கொள்ள முடிகிறதே என்பது அவருக்குத் தீர்வாகத் தெரியவில்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசியலமைப்பு அவையில், கடைகளுக்குள் நுழைவதில் பாகுபாடு கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. 'கடை' என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. பொருள் விற்கும் இடம் மட்டுமல்ல, சேவையைப் பொதுவில் வழங்கும் எவரும் அதில் அடங்குவர், உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, சேவையும் செய்ய வேண்டும் என்ற பொருளில் அண்ணல் விளக்கம் சொன்னார். இன்றைய 15(2) பிரிவு அதுதான். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் அதே நாளில்தான் அவையில் ஏற்கப்பட்டது. திண்ணையில் அக்காவிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த சிறுவன் நாட்டின் சட்டத்துக்குள் சலூன் நாற்காலியைக் கொண்டு வந்தான் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

1955ஆம் ஆண்டின் சட்டம், அதாவது இன்றைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன் 6ஆம் பிரிவில் தீண்டாமையின் பெயரால் சேவை மறுப்பதைக் குற்றமாக்கியது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி தூண்டுபவருக்கு 7ஆம் பிரிவு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், பட்டியல் சமூகத்தவரைச் சமூகப் புறக்கணிப்பு செய்வதையும் அப்படிச் செய்வதாக மிரட்டுவதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தன.

பாதி பிளேடு சலூனுக்கு வந்த கதை

ஜில்லெட்டின் பிளேடு வீட்டுச் சவரத்துக்காக வந்தது. ஆனால் நம் ஊரில் அது சலூனுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பழைய நீளக் கத்தியின் உருவத்திலேயே, மடக்கும் கைப்பிடியில் பிளேடைச் சொருகும் ரேசர் வந்தது. டோபாஸ், 7 ஓ கிளாக் மாதிரியான பிளேடை உறையோடு சேர்த்து நெடுக்கே இரண்டாக ஒடிப்பார்கள். பாதியைச் சொருகுவார்கள். ஒருவருக்குப் பாதி, அடுத்தவருக்கு மறுபாதி.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதன்பின் வந்த விழிப்புணர்வுப் பிரச்சாரங்கள் ஊசியோடு சேர்த்துச் சவரக்கத்தியையும் பேசின. "புது பிளேடு போடுங்க" என்பது சலூனில் எல்லோரும் சொல்லும் வார்த்தையானது. கண் முன்னால் உறையைப் பிரித்துக் காட்டும் பழக்கமும் வந்தது.

இங்கேதான் நம் விஷயம் இருக்கிறது. "அவன் மூஞ்சியில வெச்ச கத்திய எம்மூஞ்சியில வெப்பியா?" என்பது பழைய வாதம். பிளேடு வந்த பிறகு அந்தக் கத்தியே இல்லை. என் முகத்தைத் தொட்ட கூர் குப்பைக்குப் போகிறது, அடுத்தவர் முகத்தைத் தொடுவது புதுக் கூர். அப்படியானால் மறுப்பு நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. தனி நாற்காலி, தனித் துண்டு, தனிச் சீப்பு என்று இரட்டைக் குவளையின் தம்பியாக அது தொடர்ந்தது. பல ஊர்களில் இன்றும் நம் பிள்ளைகள் பஸ் ஏறி, தங்களை யாருக்கும் தெரியாத டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கத்தியைத் தீட்டுவதற்கும், சாதி சொல்லும் தீட்டுக்கும் தமிழில் ஒரே சொல். தீட்டுகிற வேலையைப் பொறியாளர்கள் ஒழித்துவிட்டார்கள். இன்னொரு தீட்டு அப்படியே இருக்கிறது. காரணம் எளிது. நோய்க்கிருமி பிளேடில் இருக்கும், பிளேடை மாற்றினால் போய்விடும். சாதித் தீட்டு பிளேடில் என்றைக்கும் இருந்ததில்லை. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற வரிசையில்தான் அது இருந்தது. கத்தி வெறும் சாக்கு. தொழில்நுட்பம் சாக்கைப் பறித்துவிடும், சாதியைப் பறிக்காது.

யாரைக் கேட்டார்கள்?

அந்தப் பெரியவர் சொன்ன மலிவு ரேசருக்கும் ஒரு கதை உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்காக ஒரு ரேசரை வடிவமைத்தது. அதை அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனது. இந்தியாவில் விற்றபோது எடுபடவில்லை. அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு ரேசரைக் கழுவினார்கள். இங்கே பெரும்பாலானோர் தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் சவரம் செய்தார்கள். அந்தத் தண்ணீரில் ரேசரின் அடைப்பு போகவில்லை. பிறகு ஆய்வாளர்கள் நம் வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். 2010இல் நான்கே பாகங்கள் கொண்ட, ஒற்றை பிளேடு ரேசர் 15 ரூபாய்க்கு வந்தது, மாற்று பிளேடு 5 ரூபாய்.

சமூகவியல் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இது நல்ல பாடம். இந்தியன் என்ற ஒற்றை ஆள் எங்கும் இல்லை. யாரைக் கேட்டோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. குவளைத் தண்ணீரைக் கவனித்த நிறுவனம் ஒரு சந்தையைப் பிடித்தது. வீட்டில் ஏன் சவரம் செய்கிறான், விருப்பத்தாலா வேறு வழியில்லாமலா என்று கேட்பது நிறுவனத்தின் வேலை அல்ல. அது நம் வேலை.

எறிந்த பிளேடு எங்கே போகிறது?

கடைசியாக ஒன்று. ஒருமுறை பயன்படுத்தி எறி என்பது வடிவமைப்பின் பாதிதான். எங்கே எறிவது? அமெரிக்காவில் பல வீடுகளின் குளியலறை மருந்து அலமாரியில் ஒரு சிறு துளை வைத்திருந்தார்கள். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். யார் கையும் படாது. இன்றும் பழைய வீடுகளை இடிக்கும்போது சுவருக்குள்ளிருந்து துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன.

நம் வீட்டுச் சுவர்களில் அப்படித் துளை இல்லை. நம் பிளேடு குப்பைக்கூடைக்குப் போகிறது. அங்கிருந்து அதை வெறுங்கையால் அள்ளுபவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் என்று இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சலூன் நாற்காலியில் யாரை உட்கார விடவில்லையோ, அவர்கள் வீட்டு மனிதரின் விரலைத்தான் அந்த நாற்காலியிலிருந்து எறியப்பட்ட பிளேடு கிழிக்கிறது. அவர் முகத்தைத் தொட்டால் தீட்டாகும் பிளேடு அவர் கையை அறுத்தால் மட்டும் யாருக்கும் தீட்டில்லை. பழைய பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, தனியாகக் கொடுங்கள். சலூன்காரர்களிடமும் சொல்லுங்கள். கையுறை கேட்டுப் போராடும் தொழிலாளர்களோடு நில்லுங்கள்.

இனி அந்தச் சமாதானக் கூட்டத்துக்கு வருவோம். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது அந்தத் தம்பி என்னிடம் சொன்னார்: "எங்கிட்ட ரேசர் இருக்குதுக்கா. நான் கேட்டது ரேசர் இல்ல. எங்கப்பா நாப்பது வருசமா அந்தக் கடை வாசல்ல நடந்து போறாரு. ஒரு நாளு உள்ள போயி உக்காரணும். அவ்ளோதான்."

அடுத்த முறை யாராவது "வீட்டிலேயே செய்துகொள்ளலாமே" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள். வீட்டில் சவரம் செய்துகொள்வது அவரவர் விருப்பம். சலூனில் உட்காருவது உரிமை. விருப்பத்தைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது. மறுப்பு நடந்தால் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். உடன் சாட்சியாக ஒருவரை அழைத்துப் போங்கள். புகார் மனுவில் மறுத்தவரோடு மறுக்கச் சொன்னவரையும் சேருங்கள்.

ஜெய் பீம்.